ஐ.பி. போட வக்கீல் ஃபீஸ் 65 ஆயிரம்: எங்கிருந்து கொடுப்பது?

பவர்டேபிள்காரன் · சனி, இரவு 11.20

வணக்கம். திருப்பூரில் எட்டு தையல் மெஷின் போட்டு பவர்டேபிள் யூனிட் நடத்தி வந்தேன். சொந்த ஆர்டர் கிடையாது, ஜாப் ஒர்க்தான். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காக்காரன் வரியை 50 சதவீதம் ஆக்கிய பிறகு, எனக்கு வேலை தந்த கம்பெனி கட்டிங் (தைக்க வெட்டிய துணி) அனுப்புவதை நிறுத்திவிட்டது. தைத்துக் கொடுத்த பீஸுக்குக் கூலியும் முழுசாக வரவில்லை. தீபாவளி போனஸுக்குக் கடன் வாங்கினேன், அதற்கு வட்டி கட்ட இன்னொரு கடன். இப்போது 22 லட்சத்துக்கு மேல் நிற்கிறது.

தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு வக்கீலைப் பார்த்தேன். ஐ.பி. (கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் கொடுக்கும் திவால் மனு) போட்டுவிடலாம், கடன் கொடுத்தவர்களுக்கு அந்த மஞ்சள் நோட்டீஸ் போனால் ஒருத்தனும் வாசலுக்கு வரமாட்டான் என்றார். ஃபீஸ் 65 ஆயிரம். வக்காலத்தில் கையெழுத்துப் போடும் அன்றே 35 ஆயிரம், மனுவுக்கு நம்பர் ஆனதும் மீதி. அன்று என் சட்டைப்பையில் 640 ரூபாய் இருந்தது. கடனைக் கட்ட முடியவில்லை என்று சொல்வதற்கே 65 ஆயிரமா என்று நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை.

வெளியே வரும்போது அவருடைய குமாஸ்தா தனியாகக் கூப்பிட்டு, "கார்டுல லிமிட் இருக்குமில்லீங்க, அதை முழுசா தேய்ச்சிருங்க. எப்படியும் அதையும் லிஸ்டுல சேர்த்துடுவோம்" என்றார். கார்டில் இன்னும் 42 ஆயிரத்துக்குத் தேய்க்கலாம். மனைவியின் நகை 11 பவுன் வீட்டில் இருக்கிறது. வேறொன்றும் இல்லை. எதைத் தொடுவது, எதைத் தொடக்கூடாது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

ஈரோட்டு_மண்டி · சனி, இரவு 11.47

நான் மஞ்சள் நோட்டீஸ் வாங்கினவன், கொடுத்தவன் இல்லை. 2019-இல் ஒருத்தன் எனக்கு 1,40,000 தரவேண்டியது. ஒருநாள் தபால்காரர் கவர் கொடுக்கிறார், பிரித்தால் ஐ.பி. வக்கீலுக்குக் கொடுக்க அவனிடம் பணம் இருந்தது, எனக்குக் கொடுக்க இல்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

---

ஜூனியர்_கோட்டு · ஞாயிறு, காலை 7.05

கொங்குப் பக்கம் ஒரு சார்பு நீதிமன்றத்தில் ஆறு வருடமாக வக்கீல். உங்கள் கட்டைப் பார்க்காமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

முதலில் கார்டு. தயவுசெய்து தேய்க்காதீர்கள். நம் ஊரில் தனி ஆளுக்கு இன்னமும் நடப்பது 1920-ஆம் வருடத்து மாகாணத் திவால் சட்டம்தான் (சென்னை நகருக்கு மட்டும் 1909 சட்டம், உயர் நீதிமன்றத்தில்). அதில் 42-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கடைசியில் "இவரைக் கடன்களிலிருந்து விடுவிக்கலாமா" என்று கோர்ட் பார்க்கும்போது, எந்தெந்தக் காரணத்துக்காக முழு விடுதலை கொடுக்க மறுக்க வேண்டும் என்ற பட்டியல் அது. திருப்பிக் கட்ட முடியும் என்ற நியாயமான நம்பிக்கை இல்லாமல் வாங்கிய கடன் அதில் ஒன்று. ஐ.பி. போடும் ஃபீஸுக்காகவே கார்டைத் தேய்த்தால், அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? ஸ்டேட்மென்டில் தேதி இருக்கும், வக்காலத்திலும் தேதி இருக்கும். பேங்க் வக்கீல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். அன்றைக்கு அந்தக் குமாஸ்தா உங்கள் பக்கத்தில் நிற்கமாட்டார்.

இன்னொன்று. வக்கீல் ஃபீஸ் கொடுப்பதே தப்பு என்று நினைக்க வேண்டாம். இப்போது செய்யப்போகும் வேலைக்கு நியாயமான கூலி கொடுப்பது வேறு, பழைய கடன்காரர்களில் ஒருவரை மட்டும் தனியாகக் கவனிப்பது வேறு. அதே வக்கீலுக்கு வேறு ஏதாவது பழைய கேஸில் பாக்கி இருந்து, அதை முதலில் முடி என்று அவர் சொன்னால், அவரும் அந்த அளவில் ஒரு கடன்காரர்தான். அதைக் கலக்கவிடாதீர்கள்.

எவ்வளவு என்பதைவிட எங்கிருந்து வந்த பணம் என்பதைத்தான் பின்னால் கேட்பார்கள். உங்கள் சொந்தக் காசாக இருந்து, ரசீது இருந்து, சொத்துக் கணக்கில் மறைக்காமல் இருந்தால் பயமில்லை.

---

ரிட்டயர்டு_கேஷியர் · ஞாயிறு, காலை 8.30

வக்கீல் தம்பி சொன்னது சரி. ஆனால் ஃபீஸ் பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் கடன் எந்தெந்த வகை? எல்லாக் கடனையும் ஐ.பி. தொடாது.

மெஷினை ஈடு காட்டி வாங்கிய பேங்க் லோன் என்றால், ஐ.பி. போட்டாலும் பேங்க் தன் ஈட்டை எடுத்துக்கொள்ளும். அதைத் தடுக்க இந்தச் சட்டத்தில் வழி இல்லை. செக் கொடுத்து அது திரும்பி, 138-இல் கேஸ் வந்திருந்தால் அது கிரிமினல் கேஸ், அது தன் பாட்டுக்கு நடக்கும். நான் சர்வீஸில் இருந்தபோது எத்தனையோ பேர் "ஐ.பி. போட்டாச்சு சார், இனி செக் கேஸ் நிக்குமில்ல" என்று வந்து கேட்டிருக்கிறார்கள். யாரோ அப்படிச் சொல்லிக் காசு வாங்கியிருப்பார்கள். 2016-இல் புதுத் திவால் சட்டம் வந்ததே என்று கேட்பீர்கள். அதில் தனி நபர் பகுதியைக் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். உங்களைப் போன்ற தனி முதலாளிக்கு அது இல்லை.

பட்டியலைப் போடுங்கள். பேர் வேண்டாம், வகை போதும்.

---

ரம்மி_ராஜா · ஞாயிறு, காலை 9.02

42 ஆயிரம் லிமிட்டை என்னிடம் கொடுங்கள், ஒரே ராத்திரியில் 65 ஆக்கித் தருகிறேன்.

ஜூனியர்_கோட்டு · ஞாயிறு, காலை 9.10

அண்ணா, சூதாட்டமும் அதே 42-இல் இருக்கிறது.

---

பவர்டேபிள்காரன் · ஞாயிறு, மதியம் 1.15

எல்லோருக்கும் நன்றி. ஈரோட்டு அண்ணன் சொன்னதில் எனக்குக் கோபமில்லை.

மெஷின் மேல் பேங்க் லோன் 4,80,000. பர்சனல் லோன் 3,20,000. இரண்டு கார்டு சேர்ந்து 1,90,000. எடுத்த சீட்டில் கட்டாதது 2,50,000. கைமாற்று ஒன்பது பேரிடம் 7,10,000. நூல் கடை 85,000. மச்சானுக்கு 2,00,000. கம்பெனிக்கு டீ கொடுத்த அக்காவுக்கு 38,000. மொத்தம் 17 பேர், 22,73,000. கைமாற்றில் இரண்டு பேருக்கு செக் கொடுத்திருக்கிறேன், இன்னும் போடவில்லை.

சொத்து என்றால் எட்டு மெஷின் (ஆறுதான் பேங்கில் ஈடு), ஒரு பழைய டிவிஎஸ், ஷெட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ் 60,000. சொந்த வீடு இல்லை.

---

பழைய_ஐபி · ஞாயிறு, மாலை 4.40

பார்த்துக்கொண்டே இருந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. நாமக்கல் பக்கம். லாரி வைத்து நொடித்துப்போய் 2012-இல் ஐ.பி. போட்டவன். என் தப்பை மட்டும் சொல்கிறேன்.

என்னிடம் 40 ஆயிரம் கேட்டார்கள், "எல்லாம் சேர்த்து" என்றார்கள். எல்லாம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. 26 கடன்காரர்கள். ஒவ்வொருவருக்கும் மனுவின் நகல், ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் பேட்டா (கோர்ட் மூலம் நோட்டீஸ் அனுப்பக் கட்டும் பணம்), தபால் செலவு. இரண்டு பேர் வீடு மாறிப்போய்விட்டார்கள், நோட்டீஸ் திரும்பி வந்தது, மறுபடி பேட்டா. அப்புறம் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு. அதற்குத் தனியாக வாங்கினார்கள். வாய்தாவுக்கு வாய்தா ஜூனியருக்கு டீச் செலவு. கடைசியில் 40 எங்கே நின்றது என்று கணக்குப் பார்க்கவே இல்லை.

அது போகட்டும். பெரிய அடி வேறு. ஒன்றே முக்கால் வருடம் கழித்து என்னைத் திவாலானவர் என்று உத்தரவு வந்தது. வீட்டில் பாயாசம் வைத்தோம், சிரிக்காதீர்கள். முடிந்தது என்று நினைத்துவிட்டேன். முடியவில்லை. அந்த உத்தரவிலேயே, இத்தனை மாதத்துக்குள் விடுதலை மனுப் போட வேண்டும் என்று கெடு இருந்தது. அந்த மனுவுக்கு ஃபீஸ் வேறு என்று வக்கீல் சொன்னார், நான் அப்புறம் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். கெடு தாண்டியது, உத்தரவே ரத்தாகிவிட்டது. கடன் எல்லாம் அப்படியே எழுந்து உட்கார்ந்தது, வட்டியோடு.

அதனால் தம்பி, 65 என்றால் எது வரைக்கும் 65 என்று கேளுங்கள். மனு நம்பர் ஆகும் வரையா, உத்தரவு வரையா, விடுதலை வரையா? பேட்டா, பேப்பர் விளம்பரம் உள்ளேயா வெளியேயா? வெள்ளைத் தாளில் எழுதி வாங்குங்கள். மஞ்சள் தாளுக்கு முன்னால் இந்த வெள்ளைத் தாள்.

---

ஜூனியர்_கோட்டு · ஞாயிறு, மாலை 5.25

அண்ணன் சொன்னதற்குச் சட்டத்தில் 43-ஆவது பிரிவு. வருடத்துக்கு நாலு பேராவது இதே கதையோடு வருகிறார்கள். பாதி வழியில் ஃபீஸ் தீர்ந்து நிற்கிறவர்கள்தான் அதிகம்.

"மஞ்சள் நோட்டீஸ் போனால் ஒருத்தனும் வரமாட்டான்" என்று உங்களிடம் சொன்னதும் பாதிதான் உண்மை. மனு கொடுத்த அன்றே எல்லாம் நிற்பதில்லை. கடன்காரர்கள் தனியாக வழக்குப் போடக் கோர்ட் அனுமதி வேண்டும் என்பதெல்லாம், நீங்கள் திவாலானவர் என்று உத்தரவு வந்த பிறகுதான். நடுவில் உள்ள மாதங்களில் போன் வரும், ஆளும் வருவார்கள்.

ஃபீஸ் பற்றி வெளியே யாரும் சொல்லாத இரண்டு விஷயம், எங்கள் ஆட்கள் திட்டினாலும் பரவாயில்லை. ஒன்று, "கேஸ் ஜெயித்தால் இத்தனை சதவீதம்" என்று ஃபீஸ் பேச வக்கீலுக்கு உரிமை இல்லை, பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. எவ்வளவு கடனைத் தள்ளுபடி செய்து தருகிறேனோ அதில் பத்து சதவீதம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு, ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்று உங்கள் கேஸ் கட்டைப் பிடித்துவைக்க முடியாது. 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கிக்கு அவர் வழக்குப் போடலாம், கட்டைத் திருப்பித்தான் ஆகவேண்டும். வக்கீலை மாற்ற நினைத்தால் இது உதவும்.

---

எடிசன்_வாசி · ஞாயிறு, மாலை 6.50

நியூ ஜெர்சியிலிருந்து. இங்கே என் பழைய ரூம்மேட் ஒருவர் வேலை போய், ஆஸ்பத்திரி பில்லும் சேர்ந்து சேப்டர் 7 என்ற இந்த ஊர்த் திவால் மனுவைப் போட்டார். உங்கள் இழையைப் படித்தபோது ஒற்றுமை ஆச்சரியமாக இருந்தது.

இங்கேயும் வக்கீல் முழு ஃபீஸையும் மனுப் போடும் முன்பே வாங்கிவிடுவார். காரணம் வேடிக்கையானது. மனுப் போட்ட அன்று ஃபீஸில் பாக்கி இருந்தால், அந்தப் பாக்கியும் மற்றக் கடன்களோடு சேர்ந்து தள்ளுபடியாகிவிடும்! வக்கீலே கடன்காரர் பட்டியலில் வந்து உட்கார வேண்டியதுதான். கோர்ட்டுக்குத் தனியாக 338 டாலர். அதை மட்டும் தவணையில் கட்டலாம், வருமானம் மிகக் குறைவென்றால் மன்னிப்பும் கேட்கலாம். வீட்டைக் காப்பாற்ற நினைப்பவர்கள் போடும் சேப்டர் 13-இல், வக்கீல் ஃபீஸின் பெரும்பகுதியை மாதத் தவணைத் திட்டத்துக்குள்ளேயே வைத்துவிடுவார்கள்.

அந்தக் குமாஸ்தா சொன்ன கார்டு யோசனை இங்கே வக்கீல் வாயிலிருந்து வந்தால் அவருக்கே வினை. ஃபீஸ் கட்டப் புதுக் கடன் வாங்கு என்று சொல்லக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. எவ்வளவு வாங்கினேன் என்று வக்கீல் கோர்ட்டில் எழுதிக் கொடுக்கவும் வேண்டும். அதிகம் என்று தோன்றினால் நீதிபதி திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம்.

ரூம்மேட் எப்படிச் சேர்த்தார் என்றால், எப்படியும் தள்ளுபடியாகப் போகிற கார்டுக்கு மினிமம் கட்டுவதை வக்கீல் யோசனைப்படி நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை மூன்று மாதம் சேர்த்தார். அந்த மூன்று மாதமும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. போனை மெத்தைக்கு அடியில் போட்டுத் தூங்குவார்.

---

பவானி_அக்கா · ஞாயிறு, இரவு 8.15

எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள். அந்த 11 பவுன் பற்றி யாரும் பேசவில்லை.

தம்பி, அது உங்கள் மனைவியின் நகை, உங்கள் சொத்து இல்லை. அவர் மனதோடு கொடுத்தால் வேறு. "குடும்பமே முழுகுது, நகை எதுக்கு" என்று நாலு பேர் சுற்றி நின்று கழற்ற வைத்தால் அது கொடுத்ததாகாது. என் வீட்டில் நடந்தது, அதனால் சொல்கிறேன். 2008-இல் என் வளையல் நாலும் வக்கீலுக்கும் வட்டிக்கும் போனது. கேஸ் என்ன ஆனது என்று இன்று வரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

தாலியைக் கோர்ட்டே தொடமுடியாது என்று கேள்விப்பட்டேன். வக்கீல் தம்பி சரியா?

---

ஜூனியர்_கோட்டு · ஞாயிறு, இரவு 8.40

சரிதான் அக்கா. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆவது பிரிவில், ஜப்தி செய்யக்கூடாத பொருள்களின் பட்டியல் இருக்கிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, அப்புறம் மத வழக்கப்படி ஒரு பெண் பிரியக்கூடாத நகை. அந்தப் பட்டியலில் உள்ளது எதுவும் ஐ.பி.யிலும் ரிசீவர் (திவாலானவர் சொத்தைப் பொறுப்பேற்கும் கோர்ட் ஆள்) கைக்குப் போகாது. ஆயுள் காப்பீட்டுப் பணம், பி.எஃப். எல்லாம் அதில் உண்டு. பி.எஃப்.பை உடைத்து ஃபீஸ் கொடுக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான். கடன்காரன் தொடமுடியாத பணத்தை நாமே எடுத்துக் கரைக்கக்கூடாது.

மனைவி தன் நகையை விற்று உதவினால் தடை இல்லை. கல்யாணத்தில் அவர் வீட்டில் போட்டதா, பிறகு தொழில் பணத்தில் வாங்கியதா என்று கேள்வி வரும். போட்டோ, பழைய ரசீது இருந்தால் எடுத்துவையுங்கள். என்னைக் கேட்டால் கடைசி வரை அதைத் தொடவேண்டாம்.

இலவச சட்ட உதவியையும் மறக்க வேண்டாம். கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத் திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தொழில் நின்றுபோன உங்களுக்கும் கிடைக்கலாம், ஒரு மனு எழுதிக் கொடுத்துப் பாருங்கள். வரும் வக்கீல் எப்படி இருப்பார் என்பது அதிர்ஷ்டம். நல்லவர்களும் இருக்கிறார்கள்.

---

பவர்டேபிள்காரன் · திங்கள், காலை 6.10

ராத்திரி தூங்கவில்லை. ஒன்றை மறைத்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன்.

ஈடு இல்லாத இரண்டு மெஷின், ஒரு ஓவர்லாக், ஒரு பேட்லாக், போன மாதம் மச்சான் பேருக்கு விற்றதாக பில் போட்டுவிட்டேன். மெஷின் இப்போது அவர் வீட்டு வராண்டாவில். பணம் கை மாறவில்லை. "ரிசீவர் வந்து எடுக்கிறதுக்கு முன்னாடி நகர்த்திடுங்க" என்று அதே குமாஸ்தா சொன்னதுதான்.

இன்னொன்று, டீக்கடை அக்கா. 14 ஆயிரம் டீ பாக்கி, 24 ஆயிரம் கையில் கொடுத்தது. அவரைப் பட்டியலில் போடாமல் விட்டு, தனியாக மெதுவாகக் கட்டிவிடலாமா? அவருக்குப் போய் மஞ்சள் நோட்டீஸ் அனுப்ப மனசு வரவில்லை.

---

ஜூனியர்_கோட்டு · திங்கள், காலை 7.30

மெஷினை இன்றைக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். நாளைக்கு இல்லை, இன்றைக்கு.

பணம் வாங்காமல் பேர் மாற்றியது என்றால் 53-ஆவது பிரிவு, இரண்டு வருடம் பின்னால் போய் ரத்து செய்யலாம். மச்சானின் 2 லட்சத்துக்கு ஈடாகக் கொடுத்தேன் என்று சொன்னால் 54, மூன்று மாதத்துக்குள் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டியது. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் மாட்டும். மறைத்தால் 69-இல் ஒரு வருடம் வரை சிறை உண்டு. அந்த பில்லையும், திரும்ப எடுத்த விவரத்தையும் உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மெஷின் வங்கிக்கு ஈடு இல்லாதது உங்கள் நல்ல நேரம்.

அந்த அலுவலகத்துக்கு இனிப் போகாதீர்கள் என்பது என் சொந்தக் கருத்து. 35 ஆயிரம் கொடுக்காததும் நல்ல நேரம்.

அக்காவை விடமுடியாது. எல்லாக் கடன்காரரின் பேரும் விலாசமும் கொடுக்க வேண்டும் என்பது மனுவின் அடிப்படை. ஒருவரை விட்டுவிட்டு அவருக்கு மட்டும் கட்டினால், மற்ற 16 பேரில் ஒருவர் கண்டுபிடித்தாலும் உங்கள் நாணயம் போச்சு. விடுதலை கிடைத்த பிறகு உங்கள் சம்பாத்தியத்தில் நீங்களாக அவருக்குக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது. நோட்டீஸ் போகும் முன் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

---

ஈரோட்டு_மண்டி · திங்கள், காலை 9.55

முதலில் கோபமாக எழுதியவன் நான். இப்போது கேட்கிறேன், உங்களுக்குக் கைமாற்று கொடுத்த ஒன்பது பேரிடமும் நேரில் பேசினீர்களா? என் ஆள் நேராக வந்து "அண்ணா, 50 ஆயிரம்தான் முடியும், முடித்துக்கொள்ளுங்கள்" என்றிருந்தால் நான் வாங்கிக்கொண்டு விட்டிருப்பேன். கவரில் வந்ததுதான் எரிச்சல். கோர்ட்டில் நான் ஒரு தடவை போய் நின்றேன், சாப்பாடும் பஸ்ஸும் சேர்ந்து 300 ரூபாய், வந்த பணம் பூஜ்யம். வக்கீலுக்குக் கொடுக்கிற 65-ஐ ஒன்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏழாயிரம் வருகிறதே.

---

ரிட்டயர்டு_கேஷியர் · திங்கள், காலை 10.40

மண்டிக்காரர் சொல்வதில் பாதி சரி. பேச வேண்டும். ஆனால் ஒன்பது பேரும் ஒத்துக்கொண்டால்தான் அது தீர்வு. மூன்று பேருக்கு மட்டும் கொடுத்துவிட்டு மாதம் கழித்து ஐ.பி. போட்டால், தம்பி சொன்ன அதே 54 வந்து நிற்கும். எல்லோரையும் ஒரே நாளில் உட்கார வைத்துப் பேசுங்கள். பேங்க், கார்டு பாக்கிக்கு ஓடிஎஸ் (குறைத்து ஒரே தடவையில் கட்டி முடிப்பது) கேளுங்கள், லோக் அதாலத்துக்கு வரச் சொல்லுங்கள். அங்கே கோர்ட் கட்டணம் கிடையாது, முடிந்தால் அதற்கு மேல் அப்பீலும் கிடையாது.

முடியவில்லை என்றால் ஐ.பி. அப்போது ஒன்று கவனியுங்கள். இந்தச் சட்டம் இன்னும் அணாவில்தான் பேசுகிறது. கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்காவது உங்கள் சொத்து இருக்கிறதா என்று பார்க்கும். உங்களுக்கு நிச்சயம் இல்லை. இல்லாவிட்டால், அது உங்கள் கை மீறிய காரணத்தால் என்று காட்ட வேண்டும். உங்களுக்குக் காரணம் இருக்கிறது. கம்பெனி கட்டிங் நிறுத்திய வாட்ஸ்அப், கூலி வராத பில், டெலிவரி சலான், மூன்று வருடக் கணக்கு நோட்டு. வக்கீல் ஃபீஸைவிட இவை முக்கியம். ஒரு மஞ்சப்பையில் போட்டு வையுங்கள்.

---

பின்தொடர்பவன் · திங்கள், இரவு 9.00

நானும் இதே நிலைமை. இழையைச் சேமித்துக்கொள்கிறேன். பவர்டேபிள் அண்ணா, என்ன ஆனது என்று பிறகு வந்து சொல்லுங்கள்.

---

பவர்டேபிள்காரன் · ஏழு வாரம் கழித்து, ஞாயிறு மாலை 6.30

வந்துவிட்டேன். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

மெஷின் இரண்டும் அன்றைக்கே குட்டியானையில் திரும்ப வந்தது. மச்சான் ஒரு மாதம் பேசவில்லை, இப்போது கொஞ்சம் பேசுகிறார். கைமாற்று ஒன்பது பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் உட்கார வைத்தேன். ஐந்து பேர் பாதிக்குச் சம்மதித்தார்கள். நாலு பேர் முடியாது என்றார்கள், அதில் இரண்டு பேர் கையில் என் செக். அதனால் யாருக்கும் கொடுக்காமல் ஐ.பி. தான் என்று முடிவானது. அந்தச் செக் இரண்டும் பிறகு பேங்கில் போட்டுத் திரும்பிவிட்டது, ஒருவர் நோட்டீஸ் விட்டிருக்கிறார், அது தனியாக நடக்கும். இலவச சட்ட உதவிக்கும் மனு கொடுத்தேன், பதில் வர நாளானது, அதற்குள் வேறு ஆள் கிடைத்துவிட்டார்.

புது வக்கீல், ஐம்பது வயது அம்மா. முதல் நாள் ஃபீஸே பேசவில்லை, பையைக் கொட்டச் சொல்லி ஒன்றரை மணி நேரம் பில்லாகப் பார்த்தார். அப்புறம் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார். மனு தயார் செய்து தாக்கல் செய்ய 15 ஆயிரம். உத்தரவு வரும் வரை நடத்த 20 ஆயிரம், நாலு தவணை. விடுதலை மனுவுக்கு 8 ஆயிரம். பேட்டா, தபால், பேப்பர் விளம்பரம் நடந்தபடி, ரசீதோடு. நாமக்கல் அண்ணனின் வெள்ளைத் தாள் இதுதான், நன்றி அண்ணா.

பணம் எங்கிருந்து என்றால், ஷெட்டைக் காலி செய்தேன். 60 ஆயிரம் அட்வான்ஸில் இரண்டு மாத வாடகை 18 ஆயிரம் கழித்து 42 கையில் வந்தது. கார்டில் இருந்த லிமிட்டும் அதே 42தான், நினைத்தால் சிரிப்பு வருகிறது. அதில் 15 வக்கீலுக்கு. எந்தத் தேதியில் வந்தது, எதற்குப் போனது என்று ஒரு வரி விடாமல் மனுவோடு அஃபிடவிட்டில் இருக்கிறது. தவணைக்கு, இப்போது வேறொரு கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கப் போகிறேன். நகையைத் தொடவில்லை.

கோர்ட் எதிரில் உள்ள ஜெராக்ஸ் கடையில் ஒரு முழு நாள் போனது. மனு 14 பக்கம், 17 எதிர்மனுதாரர், கோர்ட்டுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. 19 செட். ஸ்டேப்ளர் பின் தீர்ந்து கடைக்காரரே வாங்கி வந்தார். தாள் மஞ்சள் இல்லை, சாதா வெள்ளைதான்.

டீக்கடை அக்காவிடம் தாக்கல் செய்வதற்கு முந்தின நாள் போய்ச் சொன்னேன். டீ ஆற்றிக்கொண்டே கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் நோட்டீஸ் அவருக்குப் போயிருக்கிறது. படிக்கத் தெரியாது என்பதால் என்னையே கூப்பிட்டனுப்பினார். பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டினேன். அவர் பேர் வந்ததும் நிறுத்தி, பக்கத்தில் என்ன நம்பர் என்று கேட்டார். 16 என்றேன்.

"பதினாறாவதா போட்டிருக்கே? மொதல்ல குடுத்தது நானாச்சே கண்ணு" என்றார்.